உடைவதற்கென்றே ஒரு போல்ட்

தமிழில் பனி என்ற சொல்லுக்கு எடையே கிடையாது. மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும். பெரியவர்கள் மஃப்ளரை இறுக்கிக்கொள்வார்கள். எட்டு மணி வெயிலில் காணாமல் போய்விடும். நான் வசிக்கும் இடத்தில் பனியை டன் கணக்கில்தான் பேச வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் வடக்குப் பகுதியில், ஒன்டாரியோ ஏரிக்கும் சிரக்யூஸ் நகரத்துக்கும் நடுவே என் வீடு. சாலையிலிருந்து கார் ஷெட் வரையிலான பாதை 200 அடி நீளம், 12 அடி அகலம். ஓரடிப் பனி பெய்தால் அந்தப் பாதையில் மட்டும் சுமார் 7 டன் கிடக்கும். அதுவும் புதிதாக விழுந்த லேசான பனியின் கணக்கு. ஈரப் பனி என்றால் இதைவிட இரண்டு மடங்கு, மூன்று மடங்கு.

இவ்வளவும் ஏரியின் கைங்கரியம். கோடையில் சூடான ஏரித் தண்ணீர் நவம்பரிலும் வெதுவெதுப்பாகவே இருக்கும். கனடாவிலிருந்து வரும் குளிர்காற்று அதன் மேல் தவழ்ந்து ஈரத்தை உறிஞ்சி, கரை ஏறியதும் பனியாகக் கொட்டிவிடுகிறது. சிரக்யூஸில் ஒரு குளிர்காலத்துக்குச் சராசரியாகப் பத்தடிக்கு மேல் பனி பெய்கிறது. ஈரி ஏரிக் கரையில் உள்ள பஃபலோவின் தெற்குப் புறநகர்களில் 2022 நவம்பரில் ஒரே புயலில் ஆறடிக்கு மேல் விழுந்தது. அடுத்த மாதமே வந்த பனிச்சூறாவளியில் அந்த வட்டாரத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாதை அடைபட்டு ஆம்புலன்ஸ் போக முடியாமல் உயிர் விட்டவர்களும் அவர்களில் உண்டு.

பல வருடங்கள் மண்வாரியால்தான் பனியை அள்ளினேன். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த பிறகு, "இனி மண்வாரியைத் தொடாதே" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காரணம் இல்லாமல் இல்லை. குளிர் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. கைகளால் பாரம் தூக்கும்போது ரத்த அழுத்தம் ஏறுகிறது. கியூபெக் மாகாணத்தின் பல ஆண்டு மருத்துவமனைப் பதிவுகளை வைத்து 2017ல் வெளியான ஓர் ஆய்வு, கடும் பனிப்பொழிவுக்கு மறுநாள் ஆண்களிடையே மாரடைப்பு கூடுவதைக் காட்டியது. என் மனைவியோ மருத்துவமனை நர்ஸ். பனி பெய்தாலும் இடி விழுந்தாலும் அதிகாலை ஐந்து மணிக்குக் கார் சாலைக்கு வந்தாக வேண்டும்.

இந்த நேரத்தில்தான் எதிர்வீட்டு அம்மாள் தன் கணவரின் டிராக்டரை விற்கப்போவதாகச் சொன்னார். புல்வெளி டிராக்டர், 18 குதிரைத் திறன், 1980களில் தயாரானது. கோடையில் அடியில் புல் வெட்டும் தட்டு. குளிர்காலத்தில் அதைக் கழற்றிவிட்டு முன்னால் பனி வீசும் கருவியை மாட்டிக்கொள்ளலாம். அவர் கணவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. விலை 800 டாலர். கூடவே ஒரு நிபந்தனை: தன் வீட்டுப் பாதையையும் நான்தான் சுத்தம் செய்து தர வேண்டும். அவர் மூச்சுக்கோளாறு உள்ளவர். வாரம் ஒருமுறை ஆக்ஸிஜன் சிலிண்டர் கொண்டுவரும் லாரி வாசல் வரை வர வேண்டும். பேரம் பேசுகிற விஷயமா இது?

தொலைபேசியில் செய்தி கேட்ட என் அண்ணன் மன்னார்குடியிலிருந்து சிரித்தார். "ஏண்டா, ஐஸை அள்ளறதுக்கு டிராக்டரா? இங்க நெல்லை அள்ளவே டிராக்டருக்குக் காத்துக்கிட்டிருக்கோம்."

"அண்ணே, இதுவும் ஒரு வகையில் கதிரடிக்கிற மிஷின்தான்" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பனி வீசும் இயந்திரத்தை 1925ல் உருவாக்கிய ஆர்தர் சிகார் கியூபெக்கைச் சேர்ந்தவர். கதிரடிக்கும் இயந்திரத்தைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்பார்கள். முன்னால் திருகாணி போன்ற உருளை சுழன்று, பனியை இரு பக்கமிருந்தும் நடுவுக்குத் தள்ளுகிறது. நடுவில் உள்ள விசிறி அதைப் புகைபோக்கி போன்ற குழாய் வழியாகத் தூர வீசுகிறது. ஜோஜி லா கணவாயில் நம் எல்லைச் சாலை அமைப்பினர் ஓட்டும் ராட்சத இயந்திரங்களிலும் சுழன்று கடைந்து வீசும் இதே தத்துவம் உண்டு. 11,500 அடி உயரத்தில் உள்ள அந்தக் கணவாய் ஒரு காலத்தில் ஆண்டில் பாதிக்கு மூடிக் கிடந்தது. 2025ல் 32 நாட்களில் திறந்துவிட்டார்கள்.

பழைய இயந்திரத்தைப் பனி விழுந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. பனி விழுந்த அன்று உதிரி பாகக் கடைக்குப் போகவே பாதை இருக்காது. அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தொடங்கினேன். ஆயுத பூஜை முடிந்த வாரம். டிராக்டரின் நெற்றியில் குங்குமத்தைப் பார்த்த எதிர்வீட்டு அம்மாள், "இது துருவைத் தடுக்குமா?" என்று கேட்டார்.

முதலில் என்ஜின். பழைய பெட்ரோலை வடித்துப் புதிதாக ஊற்றினேன். இங்கே பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால், மாதக் கணக்கில் தேங்கினால் கார்புரேட்டரை அடைத்துவிடும். கடுங்குளிரிலும் ஓடக்கூடிய மெல்லிய எண்ணெயை மாற்றினேன். பேட்டரிக்கு முழு சார்ஜ் ஏற்றினேன். சார்ஜ் இறங்கிய பேட்டரி உறைந்து வெடிப்பு விடும். முழு சார்ஜ் உள்ளது உறையாது. என்ஜினை ஓட்டிப் பார்க்க ஷெட் கதவைத் திறந்தால் மட்டும் போதாது, வண்டியை வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

அடுத்தது பெல்ட். டெல்டாவில் பம்ப்செட்டோடு வளர்ந்தவனுக்கு வி-பெல்ட்டைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பக்கவாட்டில் கண்ணாடி போல் பளபளத்தால் வழுக்கும். வெடிப்பு விட்டிருந்தால் ஆயுள் முடிந்தது. மாற்றினேன். செயினுக்கு எண்ணெய், பேரிங்குகளுக்கு கிரீஸ். கியர் பெட்டி எண்ணெயை இரண்டு சொட்டு விரலில் எடுத்துப் பார்த்தேன். மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். நல்லவேளை, தெளிவாக இருந்தது.

பிறகு போல்ட். திருகு உருளையைத் தண்டோடு இணைப்பது இரண்டு சிறிய போல்ட்டுகள்தான். உருளையில் கல்லோ, பிளாஸ்டிக் பையோடு உறைந்து கிடக்கும் நாளிதழோ சிக்கினால் அவை அறுந்து, உருளை நின்றுவிட வேண்டும். கியர் பெட்டி பிழைக்கும். அறுவதற்கென்றே மென்மையான இரும்பில் செய்தவை. சில டாலர் போல்ட், பல நூறு டாலர் கியர் பெட்டிக்காக உயிரை விடுகிறது.

வலப்பக்க போல்ட்டின் தலை வழுவழுவென்று இருந்தது. இடப்பக்கத்தில் இருந்ததன் தலையில் ஆறு கோடுகள். இங்கே கடையில் கிடைக்கும் மிகக் கெட்டியான போல்ட் வகையின் அடையாளம் அது. அது எதற்கும் அறுகாது.

எதிர்வீட்டுக்காரர் அப்படிச் செய்திருப்பார் என்று நம்ப முடியவில்லை. ஏனென்றால் வண்டியோடு ஒரு நோட்டுப் புத்தகமும் கொடுத்திருந்தார்கள். 1989 முதல் ஒவ்வோர் இலையுதிர்காலத்துக்கும் ஒரு பக்கம். எந்த பெல்ட், எந்த எண்ணெய், எத்தனை போல்ட் அறுந்தன என்று பென்சிலில் எழுதியிருந்தார். கடைசி இரண்டு வருடங்களுக்குப் பக்கங்கள் காலி. அம்மாளிடம் விசாரித்தேன். கணவர் படுத்த படுக்கையானபோது தெரிந்தவர் யாரோ உதவிக்கு வந்தாராம். ஒரே நாளில் இரண்டு முறை போல்ட் அறுந்ததாம். "இனி அறுகாது" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அறுகாமல் இருப்பதே ஆபத்து என்று அந்த நல்ல மனிதருக்குத் தெரியவில்லை.

கெட்டி போல்ட்டைத் தட்டி எடுத்த பின்னும் சோதனை பாக்கி. போல்ட் இல்லாதபோது உருளை தண்டின் மேல் தனியாகச் சுழல வேண்டும். இடப்பக்கம் அசையவில்லை. துரு ஏறித் தண்டோடு ஒட்டிப்போயிருந்தது. இந்த நிலையில் மென் போல்ட் போட்டாலும் பயனில்லை. போல்ட் அறுந்தாலும் துரு விடாது. அடி கியர் பெட்டிக்குத்தான் விழும். துரு இளக்கும் எண்ணெயை விட்டு, ஒரு நாள் ஊறவைத்து, குழாய் ஸ்பேனரால் முன்னும் பின்னும் அசைத்து, மூன்றாம் நாள் மாலை அது கிறீச்சென்று விடுபட்டது. கிரீஸ் கன்னால் பழைய துரு வெளியே பிதுங்கும்வரை அடித்தேன்.

மனைவியின் கவலை வேறு. அவள் வேலை பார்ப்பது அவசர சிகிச்சைப் பிரிவில். "முதல் பெரிய பனி விழுந்த அன்னிக்கு, கையில துணியைச் சுத்திக்கிட்டு ஒருத்தராவது வந்துடுவாங்க. என்ஜினை நிறுத்திட்டுத்தான் கையை விட்டேம்பாங்க" என்றாள். உண்மைதான். என்ஜின் நின்ற பிறகும் இழுபட்ட பெல்ட்டில் விசை மிச்சம் இருக்கும். அடைப்பு விலகிய கணத்தில் விசிறி அரைச் சுற்று சுற்றும். விரலுக்கு அரைச் சுற்று போதும். அதனால் குழாயின் உட்புறத்தில் பனி ஒட்டாமலிருக்க மெழுகு பூசினேன். அடைப்பை எடுக்க மூன்றடிக் கம்பு ஒன்றைக் கருவியின் மேலேயே கட்டிவைத்தேன். அதற்கு அங்கே இடம் இல்லாவிட்டால் கைதான் முதலில் போகும்.

மிச்சமெல்லாம் சில்லறை வேலை. எங்கள் பாதை சரளைக் கல் பாதை. கருவியின் உதடு தரையிலிருந்து ஓர் அங்குலம் எழும்பி நிற்கும்படி காலணிகளை இறக்கினேன். இல்லாவிட்டால் பனியோடு கல்லும் பறந்து யாருடைய ஜன்னலிலாவது விழும். பின் சக்கரங்களுக்குச் சங்கிலி, பின்னால் எடைக்கட்டிகள். இரண்டு வீட்டுப் பாதைகளின் ஓரத்திலும் ஆரஞ்சு நிறக் குச்சிகளை நட்டேன். பூமி இறுகிய பிறகு அவை இறங்காது.

கடையில் மென் போல்ட் ஆறு வாங்கி டிராக்டர் இருக்கைக்கு அடியில் ஒரு டப்பாவில் போட்டுவைத்திருக்கிறேன். குளிர்காலம் முடியும்போது அதில் எத்தனை குறைந்திருக்கிறதோ, அத்தனை முறை அது தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. அந்தக் கணக்கை எழுத நோட்டுப் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் திறந்து தேதி மட்டும் போட்டிருக்கிறேன். அதுவும் பென்சிலில்தான்.