ஆறு வோல்ற் வானொலியும் மருமகனின் ஸ்கானரும்

ரொறன்ரோவிலிருந்து மருமகன் கேட்டான்: "மாமா, உங்களுக்கு ஒரு ஸ்கானர் வாங்கி அனுப்பட்டோ? பொலிஸ், தீயணைப்பு, அம்புலன்ஸ் எல்லாரும் கதைக்கிறதைக் கேக்கலாம். செய்தி எழுதுற உங்களுக்குப் பிரயோசனப்படும்."

ஸ்கானர் என்பது பல அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிப் பார்த்து, குரல் கேட்கும் இடத்தில் நிற்கும் வானொலிப் பெட்டி. எதை வாங்குவது என்று அவன் என்னையே தெரிவுசெய்யச் சொன்னான். அப்போது நினைவுக்கு வந்தது நான் முதன்முதல் தெரிவுசெய்த வானொலி.

1990 நடுப்பகுதியில் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. பல்கலைக்கழகம் முடித்துப் பத்திரிகைக்குப் போன புதிது. கோடு போட்ட கொப்பித்தாளில் பத்திரிகை அச்சான காலம். இரவு 9.15க்குத் தமிழோசை கேட்காவிட்டால் மறுநாள் பக்கத்துக்குச் செய்தி இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றினால் டைனமோ ஆறு வோல்ற் தரும். நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் வைத்து அதை நேர்மின்னாக்கினோம். ஆகவே கடையில் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இதுக்கு எத்தனை பற்றரி?" நாலு என்றால் ஆறு வோல்ற், வாங்கலாம். இரண்டு என்றால் மூன்று வோல்ற்தான். தம்பி கொஞ்சம் வேகமாகச் சுற்றினாலும் கருகிவிடும். பட்டைகள் எத்தனை, ஒலி எப்படி என்பதையெல்லாம் யார் பார்த்தார்கள்!

அந்த வானொலியின் எஃப்.எம். முள்ளை ஓரிரவு நகர்த்தியபோது, நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் கரகரத்த குரல்கள் எழுந்தன. மலிவான பெட்டிகளில் விம்ப அலைவரிசை புகுந்துவிடும் என்று பின்னாளில் படித்தேன். அன்று எனக்குப் புரிந்தது, அது நான் கேட்கக்கூடாத பேச்சு என்பது மட்டுமே. அம்மா வந்து முள்ளைத் திருப்பிவிட்டா. 1996இற்குப் பின் ஒரு தேடுதலில், நீண்ட அன்ரனாவைக் கண்டவர்கள் அரை மணி நேரம் என்னை முற்றத்தில் நிறுத்திவைத்தார்கள். "செய்தி கேட்கிற பெட்டி" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அன்றிரவே அது முருங்கையடியில் மண்ணுக்குள் போயிற்று.

மருமகன் முதலில் சொன்னது எஸ்.டி.எஸ்.100. எண்மருவிப் பேச்சையும், பல அலைவரிசைகளுக்குள் மாறி மாறித் தாவும் பேச்சையும் தொடர வல்லது, விலை அதிகம். ஆனால் குறியாக்கம் செய்த பேச்சை எந்த ஸ்கானரும் திறக்காது. காசு கொடுத்து மௌனத்தைக் கேட்பானேன்? உண்மையில், பொலிசார் பேசுவதை ஒளிந்து கேட்கும் ஆசை எனக்கில்லை. அதற்குத் தொலைபேசி எண்ணும் பழக்கமும் இருக்கின்றன.

எனக்கு வேண்டியது கடல். பருத்தித்துறை நண்பர் ஒருவரின் மகனுடைய படகு, வாடைக்காற்றுக் காலத்தில் எஞ்சின் நின்று அலைந்தது. அவர் இரவு முழுவதும் கரையில் நின்றார். அவரோடு நானும் நின்றேன். மகனின் குரலை இன்னொரு படகின் செற் பிடித்திருந்தது. விடியும்வரை கரைக்கு அது தெரியவில்லை. கடலில் அபாய அழைப்புக்குரிய 16ஆம் வாய்க்கால் 156.8 மெகாஹேர்ட்ஸ். சாதாரண எஃப்.எம். பேச்சு, குறியாக்கம் இல்லை. யூனிடன் பி.சி.125ஏ.ரி. போதும்: 500 வாய்க்கால்கள், கடலும் உண்டு, விமானமும் உண்டு, பலாலிக்கு வரும் விமானங்களையும் கேட்கலாம். இரண்டே பற்றரி என்பதைப் படித்ததும் சிரிப்பு வந்தது.

பெட்டியைவிட அன்ரனாவின் உயரமே முக்கியம். இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. பத்து மீற்றர் உயரத்தில் அன்ரனா வைத்தால், கடல்மட்டத்திலிருந்து இரண்டு மீற்றர் உயரத்தில் அன்ரனா உள்ள படகை 18 கிலோமீற்றர் அளவில் கேட்கலாம். என் வீட்டுக் கூரை அதற்குப் போதாது. நண்பரின் மாடி போதும். பெட்டி அவர் வீட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவுசெய்தோம்.

ஆனால் பார்சல் இன்னும் வரவில்லை. அனுப்ப வேண்டாம் என்று நான்தான் நிறுத்திவைத்தேன். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம் வானொலிக் கருவிகளுக்கு உரிமம் பற்றிப் பேசுகிறது. அனுமதி கேட்டு ஆணைக்குழுவுக்கு எழுதியிருக்கிறேன். "கேக்கிற பெட்டிதானே மாமா, இதுக்கு ஏன் இவ்வளவு பயம்?" என்கிறான் அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை. முற்றத்தில் நின்ற அந்த அரை மணி நேரத்தை இந்த முறை அவனிடம் சொன்னேன். "சரி மாமா, கடிதம் வரட்டும்" என்றான்.