உப்பு எங்கே முதலில் விழுகிறது?

ஸ்நோ வந்தால் கண்ணுக்குத் தெரியும். இங்கே எல்லோரும் ‘ஃபிறீசிங் றெயின்’ என்று சொல்லும் உறைமழை அப்படித் தெரியாது. வானில் வெண்பனியாகப் புறப்படுவது நடுவிலுள்ள வெப்பக் காற்றடுக்கில் உருகித் துளியாகிறது. நிலத்தை ஒட்டிய மெல்லிய குளிரடுக்கு அந்தத் துளியைப் பூச்சியத்துக்குக் கீழே குளிர வைத்தாலும், உறைய அவகாசம் கொடுப்பதில்லை. மழையாகவே இறங்கி, தொட்ட இடத்தில் கண்ணாடியாகிவிடுகிறது. மரக்கிளை, மின்கம்பி, வாசற்படி, நடைபாதை எல்லாவற்றிலும் அது படிகிறது.

2013 டிசெம்பர் 21, 22 இல் ரொறன்ரோவில் பெய்த உறைமழையைப் பற்றிக் கேட்டால் மின்சாரத்தைத்தான் சொல்வார்கள். சுமார் 3 லட்சம் இணைப்புகள் இருளில் கிடந்தன. சில வீடுகளுக்கு நத்தார் கழிந்துதான் வெளிச்சம் வந்தது. முறிந்த கிளைகளை எல்லோரும் படம் பிடித்தார்கள். முறிந்த மணிக்கட்டுகளை யாரும் பிடிக்கவில்லை.

நான் ஸ்காபரோவில் முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கும் வேலை செய்தவள். காலை ஆறரைக்கு முதல் வீடு. நான் பிந்தினால் ஒரு அம்மம்மா ஈரத்திலேயே கிடப்பார். ‘வெளியே போகாதீர்கள்’ என்ற வானிலை அறிவிப்பு எங்களுக்குச் சொல்லப்பட்டதல்ல. பிரதான வீதியில் உப்புத் தூவியிருப்பார்கள், கார்கள் ஓடும். என் வாசலிலிருந்து பஸ் தரிப்பிடம் வரையான 200 மீற்றர் கண்ணாடியாகவே கிடக்கும்.

என்னோடு வேலை செய்த அக்கா ஒருவர் அப்படியொரு காலையில், முதல் வீட்டை முடித்து அடுத்த வீட்டுக்கு நடக்கும்போது விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. இரண்டு வீடுகளுக்கு இடையிலான நேரத்துக்கு எங்களுக்குச் சம்பளம் கிடையாது. அதனால் அவர் விழுந்தது வேலை நேரத்தில் அல்ல என்றார்கள். ஆறு கிழமை கட்டுப்போட்ட கையோடு சமைத்தார். “கால் முறிஞ்சிருந்தா கொஞ்சம் ஆறியிருப்பன், பிள்ளை” என்று சிரித்தார்.

ஸ்நோவோ உறைமழையோ, யாருடைய வழியை முதலில் திறப்பது என்பதை யாரோ ஒருவர் தீர்மானிக்கிறார். சுவீடனின் கார்ல்ஸ்கூகா நகரம் 2011 இல் தன் திட்டங்களையெல்லாம் ஆண்–பெண் சமத்துவக் கண்கொண்டு பார்த்தபோது, பனி அகற்றும் ஒழுங்கையும் பார்த்தது. முதலில் பெருவீதிகள், கடைசியில் நடைபாதைகள். பெண்களுக்குக் கெடுதல் செய்ய நினைத்து யாரும் அதைப் போடவில்லை. காரில் வேலைக்குப் போகிறவரை மட்டும் நினைத்துப் போட்டிருந்தார்கள். நடப்பவர்களிலும், பஸ் ஏறுபவர்களிலும், தள்ளுவண்டியில் பிள்ளையைக் கொண்டுபோகிறவர்களிலும் பெண்களே அதிகம். ஆகவே நடைபாதைகளை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள்.

இங்கே விழுந்தவளுக்குத்தான் புத்தி சொல்கிறோம்: நல்ல சப்பாத்துப் போடு, பென்குயின் போலக் குறுகக் குறுக நட. சொல்வது சரிதான், நானும் அப்படித்தான் நடக்கிறேன். அதோடு, மாநகரசபைக்கு வாக்குக் கேட்டு வாசலுக்கு வருகிறவரிடம் ஒன்றையும் கேட்கிறேன்: உப்பு லொறி எங்கள் பஸ் தரிப்பிடத்துக்கு எத்தனையாவதாக வருகிறது?