தாவாங்கட்டையும் ரோசமும்

'இவனுக்குத் தாவாங்கட்ட வீக்கு.' ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கத்துக் குத்துச்சண்டைக் கூடங்களில் ஒரு பையனைப் பற்றி இப்படி ஒரு சொல் விழுந்துவிட்டால் அது லேசில் போகாது. கை சரியில்லை என்றால் பழகிக்கொள்ளலாம். கால் சரியில்லை என்றால் கயிறு தாண்டித் தேற்றிக்கொள்ளலாம். மோவாயில் ஒரு குத்து வாங்கினதும் முட்டி மடங்கி உட்கார்ந்துவிடுகிறவனுக்கு மட்டும் மருந்தே கிடையாதாம். அது பொறப்பாம்.

இந்தப் 'பொறப்பு' என்கிற சொல்தான் என்னை எழுத வைத்தது. பொறப்பைக் காட்டி நம்மை உட்கார வைத்த கதை நமக்குப் புதுசா என்ன? ஆகவே யார் எதைப் பொறப்பு என்றாலும் கொஞ்சம் நின்று கிளறிப் பார்ப்பது நம்ம வழக்கமாகிவிட்டது.

என் அண்ணன் மகனுக்குப் பதினேழு வயசு. எண்ணூரில் வீடு. மூன்று மாதத்துக்குள் இரண்டு தடவை மேடையில் நினைவு தப்பி விழுந்துவிட்டான். இரண்டாவது தடவை விழுந்த எட்டாம் நாளே மறுபடி கூடத்துக்குப் போய்க் கிளவுஸ் மாட்டிக்கொண்டான். அண்ணி என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "நீ எம்மே வரைக்கும் படிச்சவ. சொல்லும்மே, இவன் தாவாங்கட்ட தேறுமா தேறாதா? தேறாதுன்னா எங்கனா வேலைக்கி அனுப்பிர்றேன். தேறும்னா இன்னும் ரெண்டு முட்ட சேத்து வாங்கித் தரேன்." எம்.ஏ. தமிழில் முதுகில் புண் பட்டதற்கு வெட்கப்பட்டு வடக்கிருந்து செத்த அரசனைப் பற்றிப் பக்கம் பக்கமாய்ப் பரீட்சை எழுதியிருக்கிறேன். மோவாயில் குத்து வாங்கினவனைப் பற்றி எந்தப் பேராசிரியரும் பாடம் நடத்தவில்லை. நானே தேடிப் படித்தேன், பழைய ஆட்களிடம் கேட்டேன்.

முதலில் தெரிந்துகொண்டது, இதில் எலும்புக்குப் பெரிய பங்கில்லை என்பது. கதவைக் கீல் பக்கம் தள்ளிப் பாருங்கள், அசையாது. தாழ்ப்பாள் பக்கம் ஒற்றை விரலால் தள்ளினாலும் திறந்துவிடும். தலை கழுத்தின் மேல் சுழலுகிறது என்றால், தாவாங்கட்டைதான் அதற்குத் தாழ்ப்பாள் பக்கம். பக்கவாட்டில் வருகிற ஹூக் அங்கே பட்டால் தலை படக்கென்று திரும்பும். மண்டைக்குள் நீரில் மிதக்கிற மூளை அதே வேகத்துக்குத் திரும்ப முடியாமல் பின்தங்கி முறுக்கிக்கொள்ளும். விழிப்பைத் தாங்கி நிற்கும் மூளைத்தண்டு ஒரு கணம் வேலைநிறுத்தம் செய்யும். ஆள் சாய்கிறான். மூளை எவ்வளவு முறுக்கைத் தாங்கும் என்பது ஆளுக்கு ஆள் வேறு, அதில் கொஞ்சம் பிறவிச் சங்கதி உண்டு. ஆனால் மிச்சம்? கழுத்து தடித்திருந்தால் தலை அவ்வளவு வேகமாய்த் திரும்பாது. மோவாயைத் தோளுக்குள் புதைத்து நின்றால் குத்து அங்கே போய்ச் சேராது. வருகிற குத்தைக் கண் பார்த்துவிட்டால் உடம்பு தன்னால் இறுகிக்கொள்ளும். ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் பார்க்காத குத்துதான். இதெல்லாம் பொறப்பில் வருவதில்லை.

இன்னொரு பொறப்புக் கதையையும் இங்கே சொல்லணும். அமெரிக்காவில் ஜாக் ஜான்சன் 1908இல் ஹெவிவெயிட் பட்டம் வாங்கிய முதல் கறுப்பர். அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பத்திரிகைக்காரர்கள் கறுப்பர்களுக்கு மண்டை கல்லு, வயிறு வீக்கு என்று சாஸ்திரம் மாதிரி எழுதிக்கொண்டிருந்தார்கள். ஜான்சன் ரத்தத்திலேயே கோழைத்தனம் இருக்கிறது என்றார்கள். அவரை அடக்குவதற்கென்றே, ஓய்வு பெற்றிருந்த வெள்ளைச் சாம்பியன் ஜிம் ஜெஃப்ரிஸைக் கூட்டிவந்து 1910இல் ரீனோ நகரில் மேடையேற்றினார்கள். பதினைந்தாம் ரவுண்டில் சண்டை முடிந்தபோது ஜெஃப்ரிஸ்தான் கீழே கிடந்தார். அப்புறம் அந்தச் சாஸ்திரம் செத்ததா என்றால், இல்லை. உடம்பைப் பற்றி ஆதிக்கக்காரன் சொல்கிற சாஸ்திரம் ஒரு தோல்வியில் சாகாது.

சரி, விழுகிறவன் தேறி மேலே வர முடியுமா? வந்திருக்கிறார்கள். உக்ரைன்காரர் விளாடிமிர் கிளிச்கோ நல்ல எடுத்துக்காட்டு. ஆறரை அடி ஆள். 1998இல் ராஸ் பியூரிட்டியிடமும், 2003இல் கோரி சாண்டர்ஸிடமும், 2004இல் லேமன் பிரூஸ்டரிடமும் அடி வாங்கித் தோற்றார். கண்ணாடித் தாடை என்று உலகமே எழுதி முடித்துவிட்டது. டெட்ராய்ட்டின் வாத்தியார் இமானுவேல் ஸ்டீவர்ட் அவரை எடுத்துத் திருத்தினார். தாடையைத் திருத்தவில்லை, நிற்கிற தூரத்தைத் திருத்தினார். இடக்கை ஜாப்பை நீட்டி எதிராளியை எட்ட வைப்பது, கிட்டே வந்துவிட்டால் கட்டிப்பிடித்து மேலே சாய்வது, மூச்சை மிச்சம் பிடிப்பது. 2005இல் சாமுவேல் பீட்டர் அவரை மூன்று தடவை கீழே தள்ளினார். கிளிச்கோ எழுந்து நின்று புள்ளிக் கணக்கில் ஜெயித்தார். 2006இல் பட்டம் வாங்கி 2015 நவம்பரில் டைசன் ஃபியூரியிடம் தோற்கும்வரை விடவில்லை. ஒன்பது வருஷத்துக்கு மேல்! பார்க்கிற ஜனங்களுக்குச் சலிப்பாய் இருந்தது என்றார்கள். சலிக்கட்டுமே.

பிரிட்டனின் அமீர் கான் கதை பாதிதான் தேறியது. 2008இல் பிரைடிஸ் பிரெஸ்காட் அவரை 54 வினாடியில் முடித்தார். ஃப்ரெடி ரோச்சிடம் போய்ப் பழகி 2009இல் உலகப் பட்டம் வாங்கினார். 2010இல் மைதானா பத்தாம் ரவுண்டில் அடித்த அடியையும் தாங்கி நின்று ஜெயித்தார். ஆனால் கை வேகத்தை நம்பி நின்று அடித்துக்கொள்கிற ஆசை அவரை விடவில்லை. 2012இல் டேனி கார்சியா சாய்த்தார். 2016இல் எடை ஏறிப்போய்க் கனெலோவோடு மோதி ஆறாம் ரவுண்டில் மல்லாந்தார். கற்றுக்கொள்ளலாம், அதைக் கடைசிவரை கடைப்பிடிக்க வேண்டும், அங்கேதான் ரோசம் குறுக்கே வருகிறது.

ரோசம் என்றால் நம்ம பக்கத்தில் சும்மாவா? 'ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை' என்றுதான் இந்த ஆட்டத்துக்குப் பேரே. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்ப செட்டியார் பரம்பரை என்று கட்சி கட்டி நின்ற ஊர். கித்தேரி முத்து பெயரைச் சொன்னால் இன்றைக்கும் கிழவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஹார்பரில் மூட்டை தூக்கினவர், வலை இழுத்தவர், ரிக்‌ஷா மிதித்தவர், பகலெல்லாம் தலை குனிந்து நின்ற சனம், சாயங்காலம் கயிற்றுக்குள்ளே தலை நிமிர்ந்த இடம் அது. அந்த ரோசத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆடி விலகுகிறவனை 'ஓடறான்' என்றும், வாங்கிக்கொண்டு நிற்கிறவனை 'ஆம்பள' என்றும் சொன்னதும் அதே ரோசம்தான். 2021இல் 'சார்பட்டா பரம்பரை' படம் வந்தபோது கைதட்டல் அள்ளியது டான்சிங் ரோஸின் கால் வேலை. கூடத்தில் போய்ப் பாருங்கள், எல்லாப் பையனுக்கும் கபிலனாகணும்.

என் தாத்தா அந்த மாதிரி நின்ற ஆள்தான். ஹார்பர் மூட்டை ஏறி ஏறிக் கழுத்து எருமைக் கழுத்தாய் இருக்கும். மேடையில் அவருக்குக் 'கருங்கல்லு' என்று பேர். எத்தனை குத்து விழுந்தாலும் சாய மாட்டார், அதனாலேயே அவர் சண்டைக்குக் கூட்டம் சேரும். ஐம்பது வயசு தாண்டினதும் கை நடுங்கத் தொடங்கியது. பேச்சு குழறியது. காசிமேட்டிலிருந்து வீட்டுக்கு வருகிற வழியை மறந்தார். தெருவே 'தண்ணி' என்றது. ஆயா சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தாள்: "அந்தாளு குடிச்சத வுட, குடிச்சான்னு பேரு வாங்குனதுதான் ஜாஸ்தி." 1928இல் ஹாரிசன் மார்ட்லண்ட் என்கிற அமெரிக்க மருத்துவர் இதே நடுக்கத்தையும் தள்ளாட்டத்தையும் பற்றிக் கட்டுரை எழுதினார். தலைப்பு, 'குத்துப் போதை'. அந்தப் பேரையும் அவர் குத்துச்சண்டைக் கூட்டத்தின் வாயிலிருந்துதான் எடுத்தார். அங்கேயும் குடிகாரப் பட்டம்தான்.

1980இல் முகமது அலி மெட்ராசுக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில், எம்.ஜி.ஆர். முன்னிலையில், முன்னாள் சாம்பியன் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டார். தாத்தா போய்ப் பார்த்துவிட்டு ஒரு வாரம் அதையே பேசினாராம். அலிக்கு இரும்புத் தாடை. 1973இல் கென் நார்ட்டன் அதை உடைத்தபோதும் 12 ரவுண்டும் நின்றவர். ஃபோர்மன், ஃப்ரேசியர், ஷேவர்ஸ் என்று உலகத்தின் கனமான கைகளெல்லாம் அடித்துப் பார்த்த தலை அது. மெட்ராசுக்கு வந்துபோன அதே வருஷம் அக்டோபரில் லாரி ஹோம்ஸ் அவரைப் பத்து ரவுண்டு அடித்தார். அலி விழவே இல்லை, அவருடைய மூலையிலிருந்தவர்கள்தான் சண்டையை நிறுத்தினார்கள். 1984இல் பார்க்கின்சன் நோய் என்றார்கள். குத்துகள் மட்டுமே காரணமென்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனாலும் யோசித்துப் பாருங்கள், தாடை கொஞ்சம் வீக்காய் இருந்திருந்தால் எத்தனை குத்து மிச்சமாகியிருக்கும்? எல்லிஸும் கடைசிக் காலத்தில் நினைவிழந்து 2014இல் இறந்தார்.

விழுகிறவனுக்கு மட்டும் பத்திரமா? அதுவும் இல்லை. ஃப்ளாய்ட் பேட்டர்சன் 1959இல் ஜோஹான்சனிடம் ஒரே ரவுண்டில் ஏழு தடவை விழுந்து பட்டத்தை இழந்தார். மறுவருஷம் திருப்பி வாங்கினார், ஹெவிவெயிட் பட்டத்தை அப்படி மீட்டவர்களில் அவரே முதல் ஆள். விழுந்ததைவிட அதிகம் எழுந்தவர் என்று அவரைக் கொண்டாடினார்கள். அவருக்கும் பிற்காலத்தில் ஞாபகம் போய்விட்டது. ஒவ்வொரு தடவை எழுந்ததும் அடுத்த குத்து இருந்ததே.

ஆக அண்ணி கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: தாடை மாறாது, ஆட்டம் மாறலாம். அதற்குக் கூட இருக்கிறவர்கள் மாறணும். பையன் எடை குறைக்கணும் என்று இரண்டு நாள் தண்ணி குடிக்காமல், கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு ஓடி, எச்சில் துப்பித் துப்பி மேடையேறியிருக்கிறான். வற்றின உடம்பு சீக்கிரம் சாயும் என்று எந்த வாத்தியாருக்குத் தெரியாது? ஒரு தடவை விழுந்தவன் காயம் ஆறுமுன் அடி வாங்கினால் முன்னைவிட லேசான குத்துக்கே விழுவான். அப்போது சொல்கிறோம், தாவாங்கட்ட வீக்கு. அமெச்சூர் விதி தெளிவாய் இருக்கிறது: தலையில் குத்து வாங்கி நினைவு தப்பினால் குறைந்தது 30 நாள் சண்டையும் கூடாது, ஸ்பாரிங்கும் கூடாது. மூன்று மாதத்துக்குள் இரண்டு தடவை என்றால் 90 நாள். ஒரு வருஷத்துக்குள் மூன்று தடவை என்றால் முழுசாய் ஒரு வருஷம். தெருமுனையில் கயிறு கட்டிப் போடுகிற சண்டைக்கு எந்தப் புத்தகத்தில் பதிவு? ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேயோ போலீஸோ கிடைக்குமென்று ஓடுகிற பையனுக்குத் தொண்ணூறு நாள் என்பது ஒரு செலக்‌ஷன் போவது. அந்த அவசரத்தை அவன் தலையில் ஏற்றியது அவன் பொறப்பு இல்லை. தலைக்கவசம் போட்டால் போதுமே என்பார்கள் சிலர். அது புருவம் கிழியாமல் காக்கும், தலை சுழலுவதை நிறுத்தாது. பெரிய ஆண்கள் போட்டிகளில் 2013இலேயே அதை எடுத்துவிட்டார்கள்.

நானும் அண்ணியும் வாத்தியாரைப் போய்ப் பார்த்தோம். முதலில் முறைத்தார். "பொம்பளைங்க வந்து இன்னா கேக்கறீங்க?" அண்ணி விடவில்லை. "பெத்தவ கேக்கறேன் வாத்தியாரே. இவன் சாப்பாடு எங்கூட்ல, இவன் தலை மட்டும் உங்கூட்டா?" அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் பையனுடைய கிளவுஸை எடுத்து இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். தொண்ணூறு நாளைக்குக் கயிறு, ஓட்டம், கழுத்துப் பயிற்சி, கண்ணாடி முன் நின்று தலை அசைப்பு மட்டும். அதற்கு மேலே டாக்டர் சொன்னால்தான்.

தலை ஸ்கேன் எடுத்தோம், ஒன்றும் இல்லை என்றார்கள். இந்த மாதிரி அடி ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது என்பதையும் டாக்டரே சொன்னார். பையனுக்கு என் மேல் கோபம். "எல்லாரும் நான் பயந்துட்டேன்னு சொல்லுவானுங்க அத்தே" என்று பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணி அடுப்படிக் காலண்டரில் ஒவ்வொரு நாளாய்க் கோடு போட்டு வருகிறார்கள். இன்றைக்கு முப்பத்தோராவது கோடு. நேற்று அவனே வந்து, அந்த உக்ரைன்காரன் சண்டையைப் போனில் போட்டுக் காட்டச் சொன்னான். எதிலிருந்து பார்க்கலாம் என்று கேட்டேன். "வுழுந்த சண்டைலேர்ந்து" என்றான்.