ஒரே தெரு, தனித்தனிக் கல்லா

தி.நகரில் கடை நடத்துவது ஒரு தொழில் என்றால், அங்கே கடைக்காரர்களிடம் சங்கச் சந்தா வசூலிப்பது வேறு தொழில். முதலாவதை அப்பா கற்றுக்கொடுத்தார். இரண்டாவதைக் கற்றுக்கொடுத்தவர்கள் சந்தா தராதவர்கள். உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத் தெருவில் பாத்திரக் கடை வைத்துக்கொண்டு, அந்தத் தெரு வியாபாரிகள் சங்கத்துக்கு நெடுங்காலம் செயலாளராகவும் இருந்தேன். வியாபாரிகளிடம் ஒற்றுமை கிடையாது என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். சந்தா கொடுக்காத ஒவ்வொருவரிடமும் ஒரு கணக்கு இருக்கிறது என்பது ரசீதுப் புத்தகத்தோடு படியேறியவனுக்குத்தான் தெரியும். அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும் என்பதுதான் சங்கடம்.

எப்போது படியேறுவது என்பதே முதல் பாடம். காலையில் போணி ஆகும் முன் போகக் கூடாது. கல்லாவிலிருந்து முதல் பணம் வெளியே போவதை எந்த வியாபாரியும் விரும்பமாட்டார். மாலை ஆறு மணிக்கு மேல் போனால், "கூட்டத்தைப் பாருங்க அண்ணாச்சி, நாளைக்கு வாங்க" என்பார்கள். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு கேட்கவே கூடாது. மிஞ்சுவது மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய ஒரு மணி நேரம். மாதமும் பார்க்க வேண்டும். மார்கழியில் கல்யாணம் இல்லாததால் பாத்திரக் கடையில் ஈ ஓட்டுவோம். எதிர்ச் சாரி ஜவுளிக் கடையில் பொங்கல் விற்பனைக்குச் சரக்கு பிரித்துக்கொண்டிருப்பார்கள். ஒரே தெருவுக்குக்கூட ஒரே பஞ்சாங்கம் கிடையாது.

எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சங்கம் எனக்கு என்ன செஞ்சுது?" கேட்கிறவர் யார் என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறும். பெரிய கடைக்காரரிடம் சொந்தக் காவலாளிகள், சொந்த வக்கீல், காவல் நிலையத்துக்கும் மாநகராட்சிக்கும் போய்வர ஒரு மேனேஜர் எல்லாம் உண்டு. அவர் சந்தாவைக் கேள்வி கேட்காமல் கொடுத்துவிடுவார், பொதுக்குழுவுக்கு வரமாட்டார். பத்துக்குப் பத்து கடையில் வளையலும் கிளிப்பும் விற்கும் தம்பி ஒருமுறை சொன்னதை நான் மறக்கவில்லை: "நான் பதினோரு மாச அக்ரிமென்ட்காரன் சார். நீங்க வடிகால் போட வைப்பீங்க, ரோடு போட வைப்பீங்க. தெரு நல்லா ஆனா ஓனர் வாடகையை ஏத்துவாரு. என் வாடகையை ஏத்துறதுக்கு நானே பணம் குடுக்கணுமா?" பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கட்டட உரிமையாளரோ அண்ணாநகரில் இருக்கிறார். தான் வியாபாரியே இல்லை, தனக்கெதற்குச் சங்கம் என்கிறார். தெரு மேம்பட்டால் அதிக லாபம் யாருக்கோ, அவர் பெயர் எங்கள் உறுப்பினர் பட்டியலிலேயே இல்லை.

இன்னொரு வகை, பேசாமல் தப்பிக்கிறவர்கள். ஏ.கே. விசுவநாதன் காவல் ஆணையராக இருந்த காலத்தில் 'மூன்றாவது கண்' என்று நகரெங்கும் கண்காணிப்புக் கேமரா வைக்கும் முயற்சி நடந்தது. கடைக்காரர்களும் பணம் போட்டு வைக்க வேண்டும் என்று காவல்துறை கேட்டுக்கொண்டது. கம்பத்தில் ஏறிய கேமரா, பணம் கொடுத்தவர் வாசலையும் கொடுக்காதவர் வாசலையும் ஒரே மாதிரிதான் பார்க்கும். அது தெரிந்த பிறகு அடுத்த தவணைக்கு முன்வந்தவர்கள் குறைந்தார்கள். குற்றம் சொல்ல முடியுமா? மலிவான இடத்தில் வாங்குவது வியாபாரியின் சுபாவம். இங்கே விலை பூஜ்யம்.

சந்தாவில் தெரியும் இந்தப் பிரிவு, தெருவின் உருவமே மாறும்போது பெரிதாக வெடிக்கும். பாண்டி பஜார் அதற்கு நல்ல பாடம். தியாகராய சாலை நடைபாதையில் கடை போட்டிருந்தவர்களை 2013இல் பக்கத்திலேயே கட்டிய வணிக வளாகத்துக்கு மாற்றினார்கள். கடைமுகம் மறைந்துகிடந்தவர்கள் நிம்மதியடைந்தார்கள். வேறு சிலரோ, ஜனங்கள் நடைபாதைச் சாமானுக்காகத்தான் இந்தச் சாலைக்கே வருகிறார்கள், வந்த பிறகே நம் கடைக்குள் நுழைகிறார்கள் என்று முணுமுணுத்தார்கள். கடை வாசலில் தன் ஆளையே நிறுத்தி நடைபாதை வியாபாரம் செய்கிறவர்களும் நம்மில் உண்டு. கூட்டத்தில் ஆக்கிரமிப்பை எதிர்த்து உரக்கப் பேசுகிறவர் சில சமயம் அவராகவே இருப்பார்.

பிறகு 2019 நவம்பர் 13 அன்று அதே சாலை அகன்ற நடைபாதை வளாகமாகத் திறக்கப்பட்டது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சுமார் 40 கோடி ரூபாய்ச் செலவு. பார்க்க வந்தவர்கள் வெளிநாடு மாதிரி இருக்கிறது என்றார்கள். கடைக்காரர்கள் கேட்டது ஒன்றே: வண்டியை எங்கே நிறுத்துவது? பட்டும் தங்கமும் வாங்க வருகிறவர் குடும்பத்தோடு காரில் வருகிறார். செருப்பும் பையும் வாங்க வருகிறவர் மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து நடந்து வருகிறார். நடக்கிறவருக்கு இடம் கூடியபோது ஒருவர் கல்லா நிறைந்தது. கார் நிற்கும் இடம் குறைந்தபோது இன்னொருவர் முகம் சுருங்கியது. 2023 மே மாதம் மாம்பலம் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து 570 மீட்டர் நீள ஆகாய நடைபாதை திறந்தபோதும் இதே விவாதம். பயணிக்கு வசதி, ஆனால் கீழே தெருவோடு நடந்து, போகிற போக்கில் ஒரு கரண்டி வாங்கும் பெண்மணி தலைக்கு மேலே போய்விட்டால்? இதில் சங்கம் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று கேட்டார்கள். இரண்டு பக்கமும் உறுப்பினர்கள்தானே!

பயம் வந்தால் மட்டும் எல்லாரும் ஒரு பக்கம் வந்துவிடுகிறார்கள். 2011 அக்டோபர் 31 அன்று, தீபாவளி முடிந்த சூட்டில், விதிமீறல் கட்டடங்கள் என்று ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் பல கடைகளுக்குச் சீல் வைத்தார்கள். அடுத்த ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தற்காலிகமாகத் திறக்க அனுமதிக்கும் வரை அந்தக் கட்டடங்கள் பூட்டிக் கிடந்தன. அந்த இரண்டு மாதங்களில், அதுவரை முகவரி தெரியாதவர்கள் எல்லாம் எங்கள் சங்க அறையில் உட்கார இடமில்லாமல் நின்றார்கள். கேட்காமலே சந்தா வந்தது. கடைகள் திறந்த பிறகு அறை மறுபடி காலியானது.

நெருப்பும் அப்படித்தான். 2008 செப்டம்பரில் ரங்கநாதன் தெருவில் பெரிய கடை ஒன்று எரிந்து இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள். 2017 மே 31 அன்று தெற்கு உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக் கடைக் கட்டடம் தீப்பிடித்து, இடிக்க வேண்டியதாயிற்று. சுற்றியிருந்த கடைகளும் திறக்க முடியாமல் நின்றன. பக்கத்துக் கடை குடோன் நம் கடைக்கும் ஆபத்து என்று அப்போது எல்லாருக்கும் புரிந்தது. தீயணைப்புப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தால் முதல் முறை தெருவே வரும். அடுத்த ஆண்டு, "பையனை அனுப்புறேன் சார்."

கடையடைப்பு நாளில் எங்கள் நிலைமையை நேரில் பார்க்கலாம். ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். உள்ளே விளக்கு எரியும். தெரிந்த வாடிக்கையாளர் குனிந்து நுழைவார். சங்கத்தையும் பகைக்கவில்லை, கல்லாவையும் பகைக்கவில்லை. சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டை எதிர்த்து 2012 செப்டம்பர் 20 அன்று நாடு தழுவிய அடைப்பு நடந்தபோதும் பாதி ஷட்டர்களைப் பார்த்தேன். மாநில அளவிலேயே நாம் இரண்டாக இருந்தோம்: த. வெள்ளையன் தலைமையில் வணிகர் சங்கங்களின் பேரவை, ஏ.எம். விக்கிரமராஜா தலைமையில் பேரமைப்பு. இரு தரப்பும் மே 5ஐ வணிகர் தினமாகக் கொண்டாடி, தனித்தனி ஊரில் தனித்தனி மாநாடு போட்டார்கள். தெருக்காரன் எந்த பஸ்ஸில் ஏறுவது? எங்கள் சங்கத்தில் சிலர் இதிலும் சிலர் அதிலும் போனார்கள். பலர், கல்யாண சீசன் என்று எதிலும் போகவில்லை.

வியாபாரிக்குப் பொதுக்காரியத்தில் கை வராது என்று இதை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. பங்குனியில் மயிலாப்பூர் மாட வீதிக்குப் போய்ப் பாருங்கள். அறுபத்துமூவர் அன்று சந்தா என்றாலே முகம் திருப்பும் கடைக்காரர்கூட, தன் வாசலில் அண்டா வைத்து மோரும் பானகமும் கொடுப்பார். யாரும் ரசீது நீட்டுவதில்லை. அவர் கொடுப்பது கண்ணுக்குத் தெரிகிறது, அவர் கையாலேயே போகிறது, புண்ணியக் கணக்கு அவர் பேரில் ஏறுகிறது. சங்கச் சந்தாவில் இந்த மூன்றும் இல்லை.

பழைய ஏற்பாடு ஒன்றும் நமக்கு இருந்தது. தென்மாவட்ட வியாபாரச் சமூகங்களில் மகமை என்றால் மூட்டைக்கு இவ்வளவு, பொதிக்கு இவ்வளவு என்று விற்பனையிலேயே பிரித்துப் பொதுப்பெட்டிக்கு வைத்துவிடுவது. விருதுநகரில் 1889இல் க்ஷத்திரிய வித்யாசாலை எழுந்தது இப்படிச் சேர்ந்த பணத்திலும் வீட்டுக்கு வீடு எடுத்துவைத்த பிடியரிசியிலும்தான். மகமை கொடுக்காதவருக்கு உறவின்முறை என்ற சாதிச் சபையில் மரியாதை இல்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும்கூடச் சிக்கலாகும். அந்தக் கட்டு ஒரே சாதிக்குள் செல்லும். தி.நகர்த் தெருவில் அண்ணாச்சியும் பாயும் சேட்டும் ரெட்டியாரும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கிறோம். எனக்குச் சந்தா கொடுக்காத சேட்டை நான் எந்த உறவின்முறையில் நிறுத்துவது?

வேறு ஊர்க்காரர்கள் சட்டத்தால் இதைத் தீர்த்தார்கள். கனடாவில் டொராண்டோ நகரின் புளூர் சாலையில் 1966இல் சுரங்க ரயில் வந்தபோது, தெருவில் ஓடிய டிராமோடு தெரு ஜனமும் கீழே இறங்கிவிட்டது. புதிய மால்களும் இழுத்தன. அங்கேயும் தானாகக் கொடுப்பவர்கள் போதவில்லை. 1970இல், எல்லைக்குட்பட்ட எல்லா வியாபாரிகளும் கட்டாயம் பணம் கட்டும் முறையை 'புளூர் வெஸ்ட் வில்லேஜ்' பகுதியில் தொடங்கினார்கள். நகராட்சியே வரியோடு வசூலித்துச் சங்கத்திடம் தரும். உலகின் பல நகரங்கள் அதைப் பின்பற்றின. பனகல் பூங்காவில் மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டியபோது எனக்கு அந்தத் தெருதான் ஞாபகம் வந்தது. ஆனாலும் அந்த முறை அப்படியே இங்கே வர வேண்டும் என்று சொல்ல எனக்குத் தயக்கம். வளையல் கடைத் தம்பியின் கேள்விக்கு அதில் விடை இல்லை. கட்டாய வசூல் வந்தால் உரிமையாளர் அதையும் வாடகையில் சேர்த்துவிடுவார். முடிவெடுக்கும் நாற்காலியில் பெரிய கடைகள் உட்காரும்.

அனுபவத்தில் நான் வந்து சேர்ந்த வழிகள் சிறியவை. பொதுச் சந்தாவைக் குறைத்து, காரியத்துக்குக் காரியம் தனி வசூல் வைத்தோம். வடிகால் தூர்வாரும் செலவுக்கு, மழையில் தண்ணீர் ஏறும் கடைகளிடம் மட்டும் கேட்டோம், தயங்காமல் கொடுத்தார்கள். ஒவ்வொரு வசூலின் வரவு செலவையும் டீக்கடைச் சுவரில் ஒட்டினோம். 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி ஆண்டுக்கொரு பொதுக்குழு, பதிவாளரிடம் கணக்குத் தாக்கல் எல்லாம் உண்டுதான். பதிவாளர் பார்க்கிற கணக்கைவிட டீ குடிக்கிறவன் பார்க்கிற கணக்குக்கு மதிப்பு அதிகம். நிர்வாகக் குழுவில் வாடகைக் கடைக்காரருக்கென்று இடம் ஒதுக்கினோம்.

எல்லாவற்றிலும் பலன் தந்தது மினிட் புத்தகம். 'ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதும் வழக்கத்தை நிறுத்தினேன். எத்தனை பேர் சரி என்றார்கள், எத்தனை பேர் வேண்டாம் என்றார்கள், வேண்டாம் என்றவர் சொன்ன காரணம் என்ன என்று எழுதினோம். அதிகாரிகளிடம் போகும்போதும் அப்படியே சொன்னோம்: "நடைபாதை அகலமாவதைப் பெரும்பாலோர் வரவேற்கிறோம், சரக்கு இறக்கும் நேரத்தைப் பற்றிப் பதினைந்து கடைக்காரர்களுக்குக் கவலை இருக்கிறது." எங்களுக்கு எதிராக ஓட்டுப்போட்டவர் அதன் பிறகு சந்தாவை நிறுத்தவில்லை. அவர் சொன்னதும் அதிகாரியின் மேசை வரை போய்விட்டதல்லவா! முழுத் தெருவும் எங்கள் பின்னால் என்று மார்தட்டியவர்களின் பேச்சை, அரை ஷட்டரைப் பார்த்த எந்த அதிகாரி நம்புவார்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2021இல் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தபோது, எங்கள் கூட்டத்தில் இடநெருக்கடியைச் சொல்லி எதிர்த்தவர்கள் இருந்தார்கள். நாள் முழுக்க நிற்கும் பெண்களைக் கேட்டுவிட்டுப் பேசலாம் என்று ஒருவர் சொன்னதும் அறை அமைதியானது. தெருவின் பெயரால் பேசுகிற சங்கத்தில் தெருவில் வேலை செய்கிறவர்களுக்கு இடமில்லை. நடைபாதை வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம் நகர விற்பனைக் குழுவில் இடம் கொடுத்திருக்கிறது. நாம் இன்னும் நம் வாசலில் நிற்பவருக்கு நாற்காலி போடவில்லை.

புதிதாகக் கடை திறக்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. சங்கம் பிடிக்காவிட்டாலும் சந்தா கட்டிவிடுங்கள். கட்டியவனுக்குத்தான் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. பொதுக்குழுவுக்கு நேரில் வாருங்கள். தீர்மானம் உங்களுக்கு உடன்பாடில்லை என்றால் எழுந்து சொல்லுங்கள். சொன்னது மினிட் புத்தகத்தில் ஏறியதா என்று படித்துப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.