வகுப்புக்கு வராத மாணவி

மணி அடிக்கிறது. ஆசிரியர் வருகைப் பதிவேட்டை வாசிக்கிறார். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குரல் கொடுக்கிறார்கள். லாரின் ஹில் என்ற பெயருக்கு மட்டும் பதில் இல்லை. மறுபடியும் கூப்பிடுகிறார், அப்போதும் இல்லை. 1998 ஆகஸ்ட் 25இல் வெளியான ‘தி மிஸ்எஜுகேஷன் ஆஃப் லாரின் ஹில்’ இப்படித்தான் தொடங்குகிறது. ஃபியூஜீஸ் குழுவில் புகழ்பெற்ற பாடகியின் முதல் தனி ஆல்பம். தொடக்கத்திலேயே அவர் ஆப்சென்ட்.

பாடல்களுக்கு நடுவே அந்த வகுப்பறை திரும்பத் திரும்ப வருகிறது. ஆசிரியர் காதலைப் பற்றிக் கேட்கிறார். பிள்ளைகள் ஒருவரையொருவர் மறித்துக்கொண்டு மனதில் பட்டதைச் சொல்கிறார்கள். எழுதிக் கொடுத்து ஒப்பித்த பேச்சு என்று என்னால் நம்ப முடியவில்லை. இந்த வகுப்பறை எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

தலைப்பே முதல் தடம். அதில் இரண்டு பெயர்களின் சாயல் உண்டு. ஒன்று, புரூக்ளின் போராளி சன்னி கார்சனின் வாழ்க்கையைச் சொல்லும் 1974ஆம் ஆண்டுத் திரைப்படம். மற்றது, கறுப்பின வரலாற்றாசிரியர் கார்ட்டர் ஜி. உட்சன் 1933இல் எழுதிய ‘தி மிஸ்-எஜுகேஷன் ஆஃப் தி நீக்ரோ’. நான் உட்சனிடமே தங்கிவிட்டேன். அடிமைகளாக இருந்தவர்களுக்குப் பிறந்த பிள்ளை அவர். இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தார். இருபது வயதையொட்டித்தான் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைந்தார். 1912இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். அத்தனை பாடுபட்டுப் படித்தவர், அந்தப் படிப்பையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார். தன் மக்களை இளக்காரமாகப் பார்க்கவே பள்ளி கறுப்புப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கிறது, படித்து மேலே போனவன் சொந்தத் தெருவுக்கே அந்நியனாகிறான் என்கிறார். அதைப் படித்த பிறகு லாரினின் காலி இருக்கை எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. அந்த நேரத்தில் அவர் வேறெங்கோ படித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

எங்கே? நியூஜெர்சியின் சவுத் ஆரஞ்சில் இருந்த வீட்டில் என்றுதான் சொல்வேன். அம்மா ஆங்கில ஆசிரியை. பெற்றோர் சேர்த்துவைத்திருந்த சோல் இசைத்தட்டுகளைக் கேட்டுக்கேட்டு வளர்ந்த பெண் அவர். ஆல்பத்தின் அட்டையில் பள்ளி மேசைப் பலகையில் செதுக்கியதுபோல அவர் முகம் இருக்கிறது. படமெடுத்ததும் அவர் படித்த கொலம்பியா உயர்நிலைப் பள்ளியில்தான். ஆனால் அந்த வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்தது அவர் வீட்டுக் கூடத்தில்! ஆசிரியராகப் பேசியவர் கவிஞர் அமிரி பராக்காவின் மகன் ராஸ் பராக்கா. உண்மையிலேயே நியூவார்க்கில் ஆசிரியராக இருந்தவர். 2014இல் அந்த நகரத்துக்கே மேயரானார். பிள்ளைகள் அவ்வளவு இயல்பாகப் பேசியதற்குக் காரணம் கிடைத்துவிட்டது.

லாரினுக்கு 1997இல் மூத்த மகன் ஸயன் பிறந்தான். குழந்தையை விட்டுவிட்டுத் தொழிலைப் பார் என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னதை அவனைப் பற்றிய பாட்டிலேயே வைத்துப் பாடுகிறார். கார்லோஸ் சந்தானாவின் கிட்டார் கூடவே வருகிறது. என்னைக் கேட்டால் இந்த ஆல்பத்தின் உயிர் அந்தப் பாட்டில்தான் இருக்கிறது. எந்தப் பள்ளியும் சொல்லித்தராத பாடம் அது.

முதல் வாரத்திலேயே 4,22,000 பிரதிகள் விற்றன. 1999இல் ஐந்து கிராமி விருதுகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று, ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கானது. ஹிப்ஹாப் ஆல்பம் ஒன்று அதைப் பெற்றது அதுவே முதல் முறை.

பாடல்களை உருவாக்கியதில் தங்களுக்கு உரிய இடம் தரப்படவில்லை என்று ‘நியூ ஆர்க்’ குழுவின் இசைக்கலைஞர்கள் நான்கு பேர் 1998இல் வழக்குப் போட்டார்கள். 2001இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமானது. படித்தபோது எனக்கு வலித்தது. அந்தக் குரலும் அது சொல்லும் வாழ்க்கையும் லாரினுடையவை; அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் இசை பலர் கூடி உட்கார்ந்து செய்வது. ‘எவ்ரிதிங் இஸ் எவ்ரிதிங்’ பாட்டில் பியானோ வாசித்தவர் அப்போது கல்லூரி மாணவராக இருந்த ஜான் ஸ்டீபன்ஸ். பின்னாளில் ஜான் லெஜண்ட் என்று உலகம் அறிந்தவர் அவர்தான்.