தாராசிங் என்னும் சொல்

புதுவைக் கடற்கரையில் மாலையில் உலவுவோர் பலர். அங்கே சிறுவன் ஒருவன் கையை மடக்கிப் புயத்தை உயர்த்திக் காட்டினால், அருகிருக்கும் பெரியவர், “அடேயப்பா, பெரிய தாராசிங்!” என்று கூறி நகைப்பார். சிறுவனும் நகைப்பான், தாராசிங் யாரென அவன் அறியான். ‘காளை வந்தான்’ என்று வீரனைச் சுட்டுமிடத்துக் காளை என்பது உவமையாகுபெயர் என்று மாணவர் கற்பர். ‘தாராசிங்’ என்பதும் இன்று அத்தகையதோர் ஆகுபெயரே. பஞ்சாபிற் பிறந்த ஒருவரின் பெயர் தமிழ்ப் பேச்சில் இங்ஙனம் வேரூன்றியது வியப்பன்றோ!

மற்போர் தமிழர்க்குப் புதிதன்று. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்தியதைச் சாத்தந்தையார் பாடியுள்ளார். அக்கிள்ளியின் தந்தை தித்தன் மகனோடு மாறுபட்டிருந்தவன். அவன் இவ்வெற்றியைக் காணவேண்டுமே என்பதுதான் புலவரின் ஏக்கம். புதுவையினின்று சென்னைக்குக் கடலோரமாகச் செல்வோர் காணும் மாமல்லபுரமும், மாமல்லன் எனப்பட்ட முதலாம் நரசிம்மவர்மனால் அப்பெயர் பெற்றது என்பர். பிற்காலத்தில் குஸ்தி, பயில்வான் என்னும் சொற்கள் வடக்கினின்று வந்து கலந்தன. அவ்வழி வந்த கடைசிச் சொல் தாராசிங் எனலாம்.

அவர் 1928இல் அமிர்தசரசு வட்டாரத்துத் தர்முசக் என்னும் சிற்றூரிற் பிறந்தார். இளமையிற் சிங்கப்பூர் சென்று ஆலையில் உழைத்துக்கொண்டே மற்போர் பயின்றார். புதுவை பிரெஞ்சு ஆட்சியினின்று விடுபட்ட அதே 1954ஆம் ஆண்டில் ‘ருஸ்தம்-ஏ-ஹிந்த்’ என்னும் பட்டம் பெற்றார். ஐரோப்பாவிற் பிறந்த கிங்காங் ஏறத்தாழ 200 கிலோ எடையினர். அவரோடு தாராசிங் பொருத செய்தி ஊர்தோறும் பேசப்பட்டது. ஜப்பானியத் தொழில்முறை மற்போரின் முன்னோடியாகிய ரிக்கிடோசானும் அவரை எதிர்த்தோருள் ஒருவர். 1968இல் பம்பாயில் அமெரிக்கராகிய லூ தெஸை வென்று உலக வீரர் எனப்பெற்றார்.

காசுக்கு நிகழும் இத்தகைய போட்டிகளில் வெற்றி தோல்வியை முன்னரே பேசி முடித்துக்கொள்வது உலகெங்கும் உள்ள வழக்கம். ஆதலின் இது போரன்று, கூத்தே என்று இகழ்வாரும் உளர். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் முடிவைப் பேசி வைக்கலாம். உடலைப் பேசி வைத்தல் ஒல்லுமோ? கோதாவில் ஒருவரைத் தலைக்கு மேல் தூக்குதற்கு வேண்டிய வலிமை, விடியற்காலைத் தண்டாலும் பஸ்கியும் தந்ததேயன்றிப் பேச்சு தந்ததன்று. தூக்கியெறியப்படுபவரும் உடல் நோகவே வீழ்கின்றார். கூத்தரும் கால் தேயப் பயின்றே ஆடுகின்றனர். கூத்தென்பது இகழ்ச்சிச் சொல்லாதல் எங்ஙனம்?

1983இல் தாராசிங் கோதாவை விட்டு நீங்கினார். 1987இல் தொலைக்காட்சி இராமாயணத்தில் அனுமனாகத் தோன்றியபோது, அவர் பொருததைக் கண்டறியாத சிறுவரும் அவ்வுருவை அறிந்தனர். 2012இல் அவர் மறைந்தார்.

கடற்கரையில் அப்பெயர் இன்றும் ஒலிக்கின்றது. எப்பொழுதும் பாராட்டாக அன்று. நோயால் மெலிந்த பிள்ளையைப் பார்த்து, “வாடா தாராசிங்” என்று தோழர் அழைக்கையில் அது முள்ளாய்த் தைக்கும். அப்பிள்ளை அன்றிரவு கதவைச் சாத்திக்கொண்டு, எவரும் காணாமல், முதல் தண்டாலை எடுத்துப் பார்ப்பதும் உண்டு.