வாகையும் அக்ரூட்டும்

நிற்கும் மரத்தின் பெருமையை நிழல் சொல்லும். வீழ்ந்த மரத்தின் பெருமையை வைரமே சொல்லும். மேலைநாட்டுத் தச்சர் ‘வால்நட்’ எனப் போற்றும் மரம் காஷ்மீரில் அக்ரூட் என வழங்குகிறது. கன மீட்டருக்கு ஏறத்தாழ 640 கிலோ எடை, கரும்பழுப்பு நிறம், உளிக்கு இணங்கும் நயம், அதிர்வைத் தாங்கும் உறுதி ஆகியன அதன் இயல்புகள். ஆதலின் ஸ்ரீநகரின் செதுக்கு வேலைப்பாட்டிற்கும், துப்பாக்கியின் அடிக்கட்டைக்கும் அது ஏற்றதாயிற்று.

குளிர்நிலத்து மரமாகிய அது சேலம், நாமக்கல் சமவெளிக்கு உரியதன்று. எனினும், மர வணிகத்தில் ‘கிழக்கிந்திய வால்நட்’ எனப் பெயர் பெற்ற மரம் நம் வரப்போரத்திலேயே நிற்கிறது. அதுவே வாகை. இனத்தால் அக்ரூட்டுக்கு உறவன்று. அவரைக் குடும்பத்தைச் சார்ந்தது. கருங்கோடுகள் ஓடும் பழுப்பு வைரமே அதற்கு அப்பெயரை ஈட்டித் தந்தது.

வென்றோர் சூடிய பூவாகிப் புறத்திணை ஒன்றுக்குப் பெயர் தந்த மரம் வாகை. காற்றில் ஒலிக்கும் அதன் நெற்றைக் குறுந்தொகை பாடுகிறது. நம் முன்னோரோ அதனைச் செக்கிற்கும் வண்டிச் சக்கரத்திற்கும் பயன்கொண்டனர்.

இராசிபுரத்தை அடுத்த எம் தோட்டத்தில் வாகையொன்று பட்டுப்போயிற்று. விறகு வணிகர் எடைக்கு விலை பேசினார். வீட்டில் திருமணம் நெருங்கிய வேளை, பணமும் தேவைப்பட்டது. அப்போது எம் ஊர் ஆசாரியார் கோடரியால் ஒரு சிராயைப் பெயர்த்துக் காட்டி, “இது வெறகு இல்லீங்க, பலகைங்க” என்றார். யாம் விற்கவில்லை.

அறுத்த நாளில் மரத்தூள் மூக்கிலேறி அனைவரும் தும்மினோம். பூச்சி அரிக்கும் வெள்ளைப் பகுதியை அவர் கழித்தார். பலகைகளுக்கிடையே குச்சிகள் வைத்து, நிழலில் ஓராண்டு அடுக்கி உலர்த்தினார். வாகையின் நார் பின்னி ஓடுவதால் இழைப்புளி பிய்த்துவிடும். அவர் மெல்லிய சீவலாக, குறுக்குச் சாய்வில் இழைத்தார். அந்த மேசையில்தான் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

ஆசாரியார் இன்றில்லை. அவர் மகன் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் இரும்பைப் பற்றவைக்கிறார். பிழைப்புக்கு அதுவே வழி. அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் நார் ஓடும் திசையைக் கண்ணால் அறியும் கல்வி ஏட்டில் இல்லை; கையோடு போய்விடும்.

வாகை சூடுக என வாழ்த்துவது நம் மரபு. வாழ்த்துப் பெறும் மாணவர், வாகை எதுவெனக் காட்டவும் அறிந்திருத்தல் வேண்டும். தத்தம் ஊரில் எஞ்சியுள்ள தச்சர் ஒருவரிடம் ஒரு நாளேனும் அமர்ந்து கேட்டெழுதுங்கள். நாளை ஒரு மரம் விறகாகாமல் தப்புவதற்கு அக்குறிப்பே துணையாகும்.